பெயர் சொல்லப்படாத தலைமை வடிவமைப்பாளர்

புராடக்ட் டிசைன் பேப்பர் எழுதின எல்லாருக்கும் கன்கரண்ட் இன்ஜினியரிங்னு ஒரு வார்த்தை தெரியும். டிசைன் முடிஞ்சு புரொடக்‌ஷன், புரொடக்‌ஷன் முடிஞ்சு டெஸ்டிங்னு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா போகாம, எல்லாத் துறை ஆட்களும் ஆரம்பத்துலேயே ஒண்ணா உட்கார்ந்து ஒரே நேரத்துல வேலை பார்க்கணும். எக்ஸாமுக்கு அஞ்சு பாயின்ட் எழுதுவோம், ஒரு டயகிராம் போடுவோம், அடுத்த யூனிட்டுக்குப் போயிடுவோம்.

அந்தப் பெயர் பரவலானது 1980களின் கடைசியில்தான். அதற்கு முப்பது வருஷம் முன்னாடியே, கம்ப்யூட்டர் நெட்வொர்க் இல்லாத காலத்தில், ஆறு வெவ்வேறு நிறுவனங்களை வைத்து ஒரே ராக்கெட்டைச் செய்து காட்டினார் ஒருவர். அவர் செர்கேய் பாவ்லோவிச் கொரோல்யோவ். ஸ்புட்னிக்கையும் யூரி ககாரினையும் விண்வெளிக்கு அனுப்பியவர். உயிரோடு இருந்தவரை அவர் பெயர் வெளி உலகத்துக்குத் தெரியாது. பத்திரிகைகளில் அவர் தலைமை வடிவமைப்பாளர், அவ்வளவுதான்.

கிளைடர் பையன்

கொரோல்யோவ் 1907 ஜனவரி 12 அன்று, இன்றைய உக்ரைனில் இருக்கும் ஷித்தோமிரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். சின்ன வயசிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். நீஷின் என்ற ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். கூட விளையாட ஆள் இல்லாத தனிமையான பிள்ளை. அம்மா மறுமணம் செய்துகொண்ட பிறகு குடும்பம் ஒதேசாவுக்குப் போனது. புது அப்பா ஒரு இன்ஜினியர். துறைமுக நகரமான ஒதேசாவில் கடல் விமானங்கள் வந்து இறங்கும். பையன் அதிலேயே கிறங்கிவிட்டான். பதினேழு வயதில் ஒரு கிளைடருக்கு டிசைன் போட்டான்.

கீவ் பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம், பிறகு மாஸ்கோவின் பௌமன் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே அவருடைய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு இலகுரக விமானம். கைடு யார் தெரியுமா? சோவியத் நாட்டின் மிகப் பெரிய விமான வடிவமைப்பாளரான அந்திரேய் துபோலெவ். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1931-ல் மாஸ்கோவில் ராக்கெட் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து கிர்த் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். இடம் ஒரு கட்டடத்தின் அடித்தளம். கையில் காசு கிடையாது. அந்தச் சுருக்கப் பெயருக்கே, சம்பளம் இல்லாமல் உழைக்கும் இன்ஜினியர்கள் குழு என்று அவர்களே விரிவாக்கம் சொல்லிக் கிண்டலடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கொரோல்யோவ் அதற்குத் தலைவரானார். வேலை நான்கு அணிகளாகப் பிரிந்திருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பு. 1933 ஆகஸ்ட் 17 அன்று, மிகயில் திகன்ராவோவ் அணியின் ராக்கெட் மாஸ்கோ அருகே நகாபினோவில் கிளம்பியது. பதினெட்டு விநாடி பறந்து, சுமார் 400 மீட்டர் உயரம் போனது. நம்ம ஊர் தீபாவளி ராக்கெட்டை விடக் கொஞ்சம் மேல. ஆனா சோவியத் நாட்டில் திரவ ஆக்சிஜனில் இயங்கிய ராக்கெட்டின் முதல் பாய்ச்சல் அதுதான்.

கொலிமா

1938 ஜூன் 27. ஸ்டாலின் காலத்துக் கைதுகள் உச்சத்தில் இருந்த நேரம். இரவோடு இரவாகக் கொரோல்யோவை வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவர் வேலை பார்த்த ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்கள் இருவர் ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இன்ஜின் நிபுணரான வலந்தீன் குளூஷ்கோ மார்ச் மாதமே கைதாகியிருந்தார். சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களில் ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்லியிருந்தார்கள். கொரோல்யோவுக்கு எதிராகக் காட்டப்பட்ட வாக்குமூலங்களில் குளூஷ்கோவுடையதும் ஒன்று.

பத்து வருஷத் தண்டனை. அனுப்பிய இடம் சைபீரியாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கொலிமா, மல்த்யாக் தங்கச் சுரங்கம். சில மாதங்களில் ஸ்கர்வி நோய் வந்து பல்லெல்லாம் விழ ஆரம்பித்தது. மாஸ்கோவில் அம்மா ஓயாமல் மனு மேல் மனு போட்டார். புகழ்பெற்ற விமானிகளான கிரிசதூபவாவும் குரோமவும் அவருக்காகப் பரிந்து எழுதினார்கள். வழக்கை மறுபடி விசாரிக்க மாஸ்கோவுக்குத் திரும்பக் கொண்டுவந்து, தண்டனையை எட்டு வருஷமாகக் குறைத்தார்கள்.

1940-ல் அவர் போய்ச் சேர்ந்தது ஒரு சிறை டிசைன் ஆபீஸ். சுற்றிலும் காவல், உள்ளே டிராயிங் போர்டுகள். வேலை பார்க்கும் இன்ஜினியர்கள் எல்லாரும் கைதிகள். அங்கே தலைமை வகித்த கைதி யார் தெரியுமா? பழைய கைடு துபோலெவ்! குருவும் சிஷ்யனும் கம்பிக்குப் பின்னால் ஒரே விமானத்துக்கு டிராயிங் போட்டார்கள்.

1942-ல் கசானில் இருந்த இன்னொரு சிறை ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே தலைவர் குளூஷ்கோ, கொரோல்யோவ் அவருடைய துணை. இன்ஜினை விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதிக்கிற பொறுப்பு. தனக்கு எதிரான வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டவரின் கீழே தினமும் வேலை. 1944-ல்தான் விடுதலை.

ஆறு பேர், அஞ்சு அமைச்சகம்

போர் முடிந்ததும் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டைப் படிக்க சோவியத் இன்ஜினியர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கேதான் அந்த ஆறு பேரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ராக்கெட் முழுமைக்கும் கொரோல்யோவ், இன்ஜினுக்கு குளூஷ்கோ, கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு பில்யூகின், ரேடியோவுக்கு ரியசான்ஸ்கி, ஜைரோஸ்கோப்புக்கு விக்தர் குஸ்னெத்ஸோவ், ஏவுதளத்துக்கு பார்மின்.

நாடு திரும்பியதும் ஒரு சிக்கல். கொரோல்யோவ் ஆயுதத் துறை அமைச்சகத்தின் கீழ். குளூஷ்கோ விமானத் துறை. பில்யூகினும் ரியசான்ஸ்கியும் தகவல்தொடர்புக் கருவிகள் துறை. குஸ்னெத்ஸோவ் கப்பல் கட்டும் துறை. பார்மின் இயந்திரத் துறை. தனித்தனி அமைச்சர், தனித்தனி பட்ஜெட், தனித்தனி தொழிற்சாலை. கொரோல்யோவ் இவர்களில் யாருக்கும் பாஸ் கிடையாது. யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, யார் சம்பளத்தையும் ஏற்ற முடியாது.

அதற்கு அவர் கண்ட வழிதான் தலைமை வடிவமைப்பாளர்கள் கவுன்சில். ஆறு பேரும் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் தன் பகுதியில் செய்கிற மாற்றம் மற்ற ஐந்து பேரை எப்படிப் பாதிக்கும் என்று அங்கேயே அலசுவார்கள். முடிவு எடுத்துவிட்டால் ஆறு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அதுக்கப்புறம் அமைச்சர்கள் மட்டத்தில் அதை மாற்றுவது கஷ்டம், ஏன்னா ஆறு அணிகளும் ஒரே குரலில் நிற்கும்.

முதல் வேலை வி-2-வை அப்படியே காப்பி அடிப்பது. கேட்க ஈஸியா இருக்கும். ஆனால் ஜெர்மன்காரர்கள் பயன்படுத்திய எஃகும் ரப்பரும் சோவியத்தில் கிடைக்கவில்லை. ஒரு பொருளை மாற்றினால் அதோடு சேர்ந்த மற்ற பாகங்களும் மாறின. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்ய முடியும், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இதில்தான் தெளிவானது. 1948 அக்டோபரில் ஆர்-1 வெற்றிகரமாகப் பறந்தது.

ஆர்-7: ஒரு எண் மாறினால்

அடுத்து வந்தது கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஆர்-7. 8000 கிலோமீட்டர் போகணும், தலையில் 3 டன் சுமை. இந்தக் கணக்கை வைத்து எல்லாரும் டிசைன் போட்டுக்கொண்டிருந்தபோது, 1953-ல் அணுகுண்டு ஆட்களிடமிருந்து புது எண் வந்தது: 5.5 டன். டிராயிங்கில் ஒரு எண்தான் மாறியது. ஆனால் சுமை கூடினால் இன்ஜின் பெரிதாகும், டாங்க் பெரிதாகும், ஏவுதளம் வலுவாகும், கட்டுப்பாட்டுக் கணக்கு மொத்தமும் புதுசாகும். ஆறு ஆபீசும் பழைய டிராயிங்கைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கின.

குளூஷ்கோவுக்கு ஒரே பெரிய அறையில் எரிபொருளை நிலையாக எரிய வைக்க முடியவில்லை. அதிர்வு வந்து இன்ஜின் சிதறியது. அதனால் ஒரு பம்ப்பிலிருந்து நான்கு சிறிய அறைகளுக்கு எரிபொருள் போகிற மாதிரி மாற்றினார். நடுவில் ஒரு தூண், சுற்றி நான்கு பூஸ்டர்கள், ஆக ஐந்து இன்ஜின், இருபது அறைகள். திசை திருப்ப இன்னும் 12 குட்டி இன்ஜின்கள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்ய குளூஷ்கோ முன்வரவில்லை. கொரோல்யோவ் தன் ஆபீசிலேயே ஒரு சின்ன அணியை வைத்து அவற்றை உருவாக்கினார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஏவுதளம். முதல் யோசனைப்படி ஐந்து பகுதிகளையும் மேடையில் செங்குத்தாக நிறுத்தி, அங்கேயே இணைக்கணும். அப்படி நின்றால் மொத்த எடையும் வால் பகுதியில் இறங்கும். காற்று அடித்தால் ஆடும். அதைத் தாங்க வாலை வலுப்படுத்தினால் எடை கூடும், எடை கூடினால் தூரம் குறையும். காற்றைத் தடுக்க மேடையைச் சுற்றிப் பெரிய சுவர் கட்டலாம்னுகூட ஒரு யோசனை இருந்தது.

அப்போதுதான் ராக்கெட் ஆட்களும் மேடை ஆட்களும் சேர்ந்து வேறு மாதிரி யோசித்தார்கள். பறக்கும்போது நான்கு பூஸ்டர்களும் நடுத் தூணை அதன் இடுப்புப் பகுதியில்தான் பிடித்துத் தள்ளுகின்றன. ஆக, அந்த இடம் ஏற்கெனவே வலுவாகத்தான் இருக்கப் போகிறது. அப்படின்னா ராக்கெட்டை ஏன் நிற்க வைக்கணும்? இடுப்பில் பிடித்துத் தொங்க விடலாமே! பார்மின் நான்கு கைகளை வடிவமைத்தார். எரிபொருள் நிரப்பிய ராக்கெட் அந்தக் கைகளில் தொங்கும். அது மேலே எழும்பியதும், எதிர் எடைகளின் பலத்தில் கைகள் தானாகப் பின்னால் விரியும். பார்க்க ஒரு பூ மலர்கிற மாதிரி இருப்பதால் துலிப் என்று பெயர் வந்தது. ராக்கெட்டை ஹாலுக்குள் படுக்க வைத்தே அசெம்பிள் செய்து, ரயிலில் கொண்டுவந்து நிமிர்த்திவிடலாம். சுவர் வேண்டாம், கூடுதல் எஃகு வேண்டாம். ராக்கெட்டை முடித்துவிட்டு அதற்கு மேடை கட்டுங்கள் என்று வேலையை வரிசையாகக் கொடுத்திருந்தால் இந்த யோசனை வந்திருக்கவே வந்திருக்காது.

இடத் தேர்வும் இப்படித்தான். ரியசான்ஸ்கியின் ரேடியோ கட்டுப்பாட்டுக்கு ஏவுதளத்தின் இரு பக்கமும் வெகு தூரம் தள்ளி நிலையங்கள் வேண்டும். அதனால் பரந்த வெட்டவெளி தேவை. ரயில் பாதையும் ஆறும் பக்கத்தில் இருக்கணும். கசக்ஸ்தானின் துராத்தாம் ரயில் நிலையத்தை ஒட்டிய பொட்டல் காட்டில் 1955-ல் வேலை தொடங்கியது. இன்று அதன் பெயர் பைக்கனூர். மாஸ்கோவிலிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரம் கொண்டுபோன பிறகு, ராக்கெட் கைகளுக்குள் பொருந்தலைன்னா என்ன ஆகும்? அதனால் லெனின்கிராடில் ஒரு உலோகத் தொழிற்சாலையின் பெரிய ஹாலில் மேடையை முழுசாக நிறுவி, ராக்கெட்டை அதில் தொங்கவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். அப்புறம்தான் பிரித்து ரயிலேற்றினார்கள்.

யார் மேல தப்பு?

1957 மே 15, முதல் ஏவல். ஒரு பூஸ்டரில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்து, 98-வது விநாடியில் அது கழன்று விழுந்தது. ஜூனில் ராக்கெட் மேடையை விட்டே கிளம்பவில்லை. தவறாகப் பொருத்திய வால்வு ஒரு காரணம். ஜூலை 12 அன்று கட்டுப்பாட்டுக் கருவியில் ஷார்ட் சர்க்யூட், 33 விநாடியில் ராக்கெட் சுழன்று சிதறியது.

ஒவ்வொரு தடவையும் தவறு வேறு வேறு ஆளின் பகுதியில். குரூப் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்தக் கட்டம் நல்லாத் தெரியும். என் பார்ட் ஓகே, அவன் பார்ட்தான் பிரச்சினைன்னு கிளம்புவோம். கவுன்சிலிலும் அது நடந்தது, காரசாரமாகவே நடந்தது. கொரோல்யோவ் மனம் உடைந்துபோய் மனைவிக்குக் கடிதம் எழுதிய நாட்கள் அவை. ஆனாலும் அவமானத்தை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடவில்லை. தரையில் வந்த சிக்னல் பதிவுகளை எல்லாரும் சேர்ந்து படித்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று ஆர்-7 முழுத் தூரமும் பறந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு பிரச்சினை. முதலில் அனுப்ப இருந்த செயற்கைக்கோள் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய அறிவியல் கூடம். அதன் கருவிகள் பல ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து வரணும், அவை தாமதமாயின. பத்து பேரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் பத்தில் மிக மெதுவானவர் வேகத்தில்தான் ப்ராஜெக்ட் நகரும். கொரோல்யோவ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். பெரியதை ஒதுக்கி வைத்துவிட்டு, யாரையும் அதிகம் சார்ந்திருக்காத ஒரு எளிய கோளத்தைச் செய்யச் சொன்னார். 58 சென்டிமீட்டர் விட்டம், 83.6 கிலோ, நான்கு ஆன்டெனா, ஒரு ரேடியோ. 1957 அக்டோபர் 4 அன்று அது சுற்றுப்பாதையில் பீப் பீப் என்றது. அதுதான் ஸ்புட்னிக். ஒதுக்கி வைத்த பெரிய கூடம் 1958 மே மாதம் ஸ்புட்னிக்-3 ஆகப் போனது.

1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் 108 நிமிடத்தில் உலகைச் சுற்றி வந்தார். உலகமே ககாரினைக் கொண்டாடியது. அவரை அனுப்பியவர், பிராவ்தா நாளிதழில் பேராசிரியர் செர்கேயெவ் என்ற புனைபெயரில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

உடைந்த கவுன்சில்

அடுத்து நிலா. அதற்கான பிரம்மாண்ட ராக்கெட் என்-1. இங்கேதான் பழைய காயமும் இன்ஜினியரிங் கருத்து வேறுபாடும் ஒன்றாகக் கலந்தன. கொரோல்யோவ் திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் வேண்டும் என்றார். குளூஷ்கோ, சேமித்து வைக்கக்கூடிய, ஆனால் நச்சுத்தன்மை உள்ள எரிபொருள்களில் நின்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. நாட்டின் மிகச் சிறந்த இன்ஜின் ஆபீஸ் நிலா ராக்கெட்டிலிருந்து விலகியது.

கொரோல்யோவ், விமான இன்ஜின் செய்துகொண்டிருந்த நிகலாய் குஸ்னெத்ஸோவிடம் போனார். அவரால் சிறிய இன்ஜின்களைத்தான் செய்ய முடிந்தது, அதனால் முதல் அடுக்கில் மட்டும் 30 இன்ஜின்கள். அந்த அடுக்கு முழுவதையும் தரையில் கட்டி எரித்துப் பார்க்கும் மேடை கட்டவில்லை. காசும் இல்லை, நேரமும் இல்லை. ஆறு இன்ஜின் கொண்ட தொகுதியில் இரண்டை எரித்துப் பார்த்து, மீதி நான்கை அப்படியே பொருத்தினார்கள். ஒருமுறை எரித்தால் மறுபடி பயன்படுத்த முடியாத இன்ஜின்கள் அவை.

மேலே அரசாங்கமும் குழப்பியது. நிலாவைச் சுற்றி வரும் வேலை செலமெய் என்ற போட்டி வடிவமைப்பாளருக்கு, நிலாவில் இறங்கும் வேலை கொரோல்யோவுக்கு என 1964-ல் முடிவானது. ஆர்-7 காலத்தில் ஒரே பொருளின் பாகங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது இலக்கையே பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் வேலை இன்னொருவருக்கு உதவாமல் போனது. அதே பணத்துக்கும் அதே ஆட்களுக்கும் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள்.

1966 ஜனவரி 14. சின்ன அறுவை சிகிச்சை என்றுதான் கொரோல்யோவ் மருத்துவமனைக்குப் போனார். சுகாதார அமைச்சர் பெத்ரோவ்ஸ்கியே ஆபரேஷன் செய்தார். உள்ளே பெரிய புற்றுநோய்க் கட்டி இருந்தது. இதயமும் பலவீனம். சுவாசக் குழாய் செருக வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. சிறை விசாரணையில் தாடை உடைக்கப்பட்டதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 59 வயது முடிந்து இரண்டே நாளில் இறந்தார். இரண்டு நாள் கழித்து பிராவ்தா அவர் படத்தையும் பெயரையும் அச்சிட்டது. மக்களுக்கு அவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

என்-1 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு முறை ஏவப்பட்டது. நான்கும் தோல்வி, நான்கும் முதல் அடுக்கு எரியும்போதே.

ஆனால் கொரோல்யோவ் உயிரோடு இருக்கும்போதே செய்த இன்னொரு வேலையையும் சேர்த்துப் பார்க்கணும். தன் ஆபீசில் பிறந்த பொருள்களை அவர் ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகள் மக்கேயெவுக்கு, ஆர்-7 உற்பத்தி குய்பிஷேவில் கஸ்லோவுக்கு, தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் சைபீரியாவில் ரெஷத்னியோவுக்கு, நிலா, கோள் ஆய்வுக் கலங்கள் லவோச்கின் நிறுவனத்துக்கு. வேலையோடு அதைத் தெரிந்த ஆட்களையும் டிராயிங்கையும் சேர்த்தே அனுப்பினார். அவர் காலத்தில் நிலாவில் மெதுவாக இறங்கும் முயற்சிகள் ஒன்றுமாற்றி ஒன்று தோற்றன. லவோச்கின் ஆட்கள் பிழைகளைத் திருத்தி அனுப்பிய லூனா-9, 1966 பிப்ரவரி 3 அன்று நிலாவில் பத்திரமாக இறங்கியது. அவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

1984-ல் நம்ம ராகேஷ் ஷர்மா பைக்கனூரிலிருந்து போனது ஆர்-7 வம்சத்து சோயுஸ் ராக்கெட்டில்தான். அந்த வம்சம் இன்னும் பறக்கிறது. அடுத்த தடவை சோயுஸ் ஏவும் வீடியோ பார்த்தா, புகையை விட்டுட்டு ராக்கெட்டின் இடுப்பைப் பாருங்க. நாலு கைகள் விரியும். ராக்கெட் ஆளும் மேடை ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினதால வந்த கைகள் அவை.